மூன்றாம் கட்டத்தில் வரும்

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு ஆட்கள் எல்லோருமே கதவுக்கு வெளியே நின்றார்கள்.

கவுன்சிலர் தோளில் துண்டும் வாயில் பற்பசை நுரையுமாக நின்றார். அவருடைய அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். கவுன்சிலரின் உதவியாளர்கூடக் கூடத்தில்தான் இருந்தார்.

"நான் இங்க இருக்கேன். நீ இங்க இருக்கே. உம் பொண்டாட்டி அங்க நிக்கிறா. அப்புறம் உள்ள யாருடா?" என்றாள் அம்மா.

"காத்துல சாத்தியிருக்கும்மா," என்றார் கவுன்சிலர் நுரையின் வழியாக.

"காத்து வந்து தாழ்ப்பாளும் போட்டுட்டுப் போகுமோ?"

"ஆமாங்கய்யா. போடாதுங்கம்மா," என்றார் உதவியாளர். ஒரே மூச்சில் இரண்டு பேர் சொல்வதையும் ஒத்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே 'ஆமாங்கய்யா'தான்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவள் கடிகாரக்கா.

கடிகாரக்கா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, துணி துவைப்பவள். சொன்ன நேரத்துக்கு ஒரு நொடி முந்தாமலும் பிந்தாமலும் வருவதால் அந்தப் பெயர். சற்றுமுன் அவள் வெளியே வந்தாளே, அந்தக் குளியலறையையும் அதிலிருக்கும் கழிப்பறையையும் தினமும் கழுவுகிறவளும் அவள்தான். அந்தத் தெருவில் அதற்கு ஒரு முறை இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் கழிப்பறையைக் கழுவலாம். அதற்குள் போகக் கூடாது. யார் விதித்தது, எப்போது விதித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெருவிளக்கு எரிவதில் தவறினாலும், குப்பை வண்டி வருவதில் தவறினாலும், இந்த ஒரு முறை மட்டும் எந்த வீட்டிலும் தவறியதில்லை.

"நீயா!" என்றாள் அம்மா. அவள் சுவரை விட்டுவிட்டுத் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

கடிகாரக்கா கவுன்சிலரின் மனைவியை ஒரே ஒரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டாள்.

அந்தப் பார்வைக்கு ஒரு காரணம் இருந்தது. சற்று முன்னால் பாத்திரத் தொட்டியருகே அவள் வயிற்றைப் பிடித்தபடி மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்து, "போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பியவள் அந்த மனைவிதான். இப்போது பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்திருந்தது. அவளோ கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம போயிட்டேன் பெரியம்மா," என்றாள் கடிகாரக்கா. "டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாரு. இல்லேன்னா சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில படுக்கணும்னாரு. குடிச்சிட்டேன். குடிச்சா எங்க போறதுன்னு அவரு சொல்லலீங்க."

"ஏன், உன் வீடு இல்லையா?"

"நடுவுல மூணு வீட்டு வேலை இருக்குதே பெரியம்மா."

"அதுக்கு? இந்தத் தெருவுல எங்கயாவது இப்படி உண்டா? நாளைக்கு அடிக்கல் விழா முடியட்டும். அப்புறம் வேற ஆளைப் பாத்துக்கலாம்." அம்மா மகனைப் பார்த்தாள். "என்னடா, நீ ஒண்ணும் பேச மாட்டியா?"

கவுன்சிலர் நுரையை விழுங்கினார். மேடையில் எதைக் கேட்டாலும் பேசக்கூடியவர் அவர்.

"அம்மா, நம்ம நகரத்தோட எதிர்காலத்துல எல்லாருக்கும் இடம் உண்டு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீடுன்னா வீட்டுக்குன்னு ஒரு முறை இருக்கு பாருங்க..."

"ஆமாங்கய்யா," என்றார் ஆமாங்கய்யா.

அன்று மத்தியானத்துக்குள் குளியலறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒரு பூட்டுத் தொங்கியது. அம்மாவின் பழைய இரும்புப் பெட்டியில் கிடந்த பூட்டு அது. உள்ளங்கை அகலம், ஓர் ஊரையே பூட்டிவிடலாம் போலிருந்தது. சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்கு அவசரம் வந்தாலும் அவளிடம் போய்ச் சொல்லித்தான் சாவி வாங்க வேண்டியிருந்தது. கவுன்சிலர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவரைத் தெருவில் 'தொலைநோக்கு' என்பார்கள். இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து நகரம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். யாரைப் பற்றியும் நினைக்க அவருக்கு நேரமில்லை என்பதுதான் குறை.

அவருடைய எதிர்கால நகரம் இரண்டு வாரமாக அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அட்டையும் தெர்மோகோலும் வண்ணக் காகிதமும் கொண்டு செய்த மாதிரி நகரம். அது வந்த நாளிலிருந்து வீட்டார் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மேசையின் நடுவில் நீலக் கண்ணாடிக் காகிதத்தில் ஒரு ஆறு. ஒரு கரையில் பற்பசை டப்பாக்களை அடுக்கி ஒட்டிய வர்த்தக மையம். மறு கரையில், வானத்தை நோக்கிச் சிறகு விரிக்கும் பறவையின் வடிவத்தில் கலை மாளிகை.

"கோழிய எதுக்கு உரிச்சு வச்சிருக்கே?" என்று கேட்டாள் அம்மா.

"அது பறவைம்மா. நம்ம கலாச்சாரம் பறக்குது."

"எங்க பறக்குது? குழம்புக்குப் போற மாதிரியில்ல படுத்திருக்கு."

மரங்களை மாவுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அதனால் முதல் நாளே நகரத்தில் எறும்புகள் குடியேறிவிட்டன. மக்கள்தொகை மளமளவென்று பெருகியது. பூங்காவிலிருந்து ஒரு மரம் மெதுவாக நகர்ந்து வர்த்தக மையத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்ததை ஆமாங்கய்யாதான் முதலில் பார்த்தார். வளர்ச்சிக்கு இது நல்ல அறிகுறி என்றார்.

மறுநாள் விழா. தெருக்கோடி மைதானத்தில் கலை மாளிகைக்கு அடிக்கல் நாட்ட அமைச்சர் அம்மையார் வருவதாக இருந்தது. கவுன்சிலர் கடைசி முறையாகத் தன் நகரத்தைச் சுற்றிவந்து பார்த்தார். கலை மாளிகைக்குப் பக்கத்தில் தீப்பெட்டிக்கும் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருந்தது.

"இது என்னய்யா?"

"பொதுக் கழிப்பறைங்கய்யா."

"நடன நீரூற்றுக்கு எதிரேவா? முகத்துல மரு மாதிரி இருக்கே." கவுன்சிலர் இரண்டு விரலால் அதைப் பிய்த்தெடுத்தார். கீழே போட மனசில்லாமல், விழாவுக்காகப் போட்டுப் பார்த்த புதுச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். "முதல்ல கலை, அப்புறம் வர்த்தகம். இதெல்லாம் மூன்றாம் கட்டத்துல வரட்டும்."

"ஆமாங்கய்யா. மூன்றாம் கட்டம்," என்று ஆமாங்கய்யா மனப்பாடம் செய்துகொண்டார்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த கடிகாரக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

மறுநாள் மைதானத்தில் தெருவே கூடியிருந்தது. எந்த வீட்டிலும் ஒருவர்கூடத் தங்கக் கூடாது என்று கவுன்சிலர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். முன்வரிசையில், அமைச்சருக்குப் போட்ட நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில், இடுப்பில் சாவியோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். மனைவியும் கடிகாரக்காவும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். விழா முடிந்து மாதிரி நகரத்தைப் பார்க்க வரும் விருந்தினர்களுக்குத் தேநீர் வேண்டுமே.

அமைச்சர் வந்தபாடில்லை. வழியில் இருக்கிறார், இதோ வந்துவிட்டார் என்று போன் வந்துகொண்டே இருந்தது. கூட்டம் கலையாமல் இருக்கக் கவுன்சிலர் பேசினார். தொண்டை காய்ந்தது, தண்ணீர் குடித்தார். பின்னும் பேசினார், பின்னும் குடித்தார். ஆமாங்கய்யா பழச்சாறு கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்தார். நகரத்தின் பொருளாதாரம், கலை, இலக்கியம், ஆற்றங்கரை, கேபிள் கார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து யாரோ அவருக்குப் பின்னால் மாதிரிக்காக வைத்திருந்த நடன நீரூற்றைத் திறந்துவிட்டார்கள்.

சளசளவென்று தண்ணீர் விழுந்தது. எழும்பி விழுந்தது. நின்று, பிறகு பொத்தென்று விழுந்தது. கவுன்சிலரின் பேச்சில் ஒரு நடுக்கம் வந்தது.

கடவுள் மனிதர்களுக்கு உடம்பைக் கொடுக்கும்போது பதவியைப் பார்த்துக் கொடுக்கவில்லை. அது எவ்வளவு பெரிய கருணை என்பது அப்படிப்பட்ட சமயங்களில்தான் தெரிகிறது.

"அதை நிறுத்தச் சொல்லுய்யா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் கவுன்சிலர்.

"நிறுத்த வரலீங்கய்யா. திறக்க மட்டும்தான் ஆள் வந்திருக்கு."

"சரி, இங்க கழிப்பறை எங்க இருக்கு?"

ஆமாங்கய்யா உற்சாகமாகச் சொன்னார்: "மூன்றாம் கட்டத்துல வருதுங்கய்யா!"

கவுன்சிலர் வியர்வையைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். அதோடு அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியும் வந்து மேடை மேசைமேல் விழுந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஒரே கழிப்பறை அதுதான். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

மைதானத்தைச் சுற்றிச் சுவர் இருந்தது. ஆனால் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று ஆளுயர எழுத்தில் எழுதவைத்து அடியில் தன் பெயரையும் போடவைத்தவர் அவரே. வேறு வழியில்லை. "ஒரு நிமிஷம்," என்று மைக்கை ஆமாங்கய்யா கையில் கொடுத்துவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கினார். நடந்தார், பிறகு ஓடினார். ஆமாங்கய்யாவுக்கோ தானாகப் பேசிப் பழக்கமில்லை. "ஆமாம்..." என்று தொடங்கி அங்கேயே நின்றார். கூட்டம் கைதட்டியது.

வீட்டுக்குள் நுழைந்த கவுன்சிலர் நேரே குளியலறைக்கு ஓடினார். பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"சாவி!" என்று கத்தினார்.

மனைவி தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அத்தை இடுப்புல."

"போய் வாங்கிட்டு வா!"

"முன்வரிசையில ஊரே பாக்க உட்காந்திருக்காங்க. அவங்க இடுப்புல கைய விடச் சொல்றீங்களா? அமைச்சர் வந்துட்டா போட்டோவுல வேற விழும்."

கவுன்சிலர் பூட்டை இழுத்தார். முறுக்கினார். தேங்காயை உடைப்பதுபோலக் குழவியால் ஒரு போடு போட்டார். பூட்டு அசையவில்லை, அவர்தான் அசைந்தார். பக்கத்து வீடுகளுக்குப் போகலாம் என்றால் எல்லா வீடும் பூட்டியிருந்தது. பூட்டிவிட்டு வரச் சொன்னதும் அவர்தான்.

கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். நெற்றியில் வியர்வை ஓடியது. நேற்று அதே இடத்தில்தான் கடிகாரக்கா நின்றிருந்தாள்.

அவள் அவரைப் பார்த்தாள். அந்த வேதனையை அவள் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டாள். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஐயா, எங்கூட வாங்க. பின்பக்கமா போனா எங்க சந்துக்குச் சீக்கிரம் போயிரலாம்."

மைதானத்துச் சுவருக்குப் பின்னாலிருந்த சந்தில் ஆறு குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. தகரக் கதவு. வாசலில் வரிசை. வாளியோடு ஒரு கிழவர், நிறைமாதமாக ஒரு மருமகள், இன்னும் இரண்டு பெண்கள்.

"உள்ள ஆள் இருக்கு, இருங்க," என்றார் கிழவர் திரும்பிப் பார்க்காமலே.

"கொஞ்சம் வழி விடுங்க. இவருக்கு அவசரம்," என்றாள் கடிகாரக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவரைப் பார்த்தார்கள். அவர் நிற்கிற நிலையைப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தகரக் கதவு திறந்து உள்ளிருந்தவர் வெளியே வந்ததும் நிறைமாதக்காரி வயிற்றைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள்.

"நீங்க போங்கண்ணே. எனக்குத்தான் இது பழக்கமாச்சே."

கவுன்சிலர் நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே பாய்ந்தார்.

பெரும் நிம்மதிக்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்தார். எதிரே அவரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தகரக் கதவில் பெரிய ஓட்டை; அதை மறைக்கத் தேர்தல் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். 'நாளைய நகரம் இன்றே!' என்று கொட்டை எழுத்து. படத்தில் ஒரு கண் கிழிந்திருந்தது. கவுன்சிலர் குனிந்து, தன் கண்ணின் வழியாகவே வெளியே பார்த்தார். அந்த நிறைமாதக்காரி ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடத் தூரத்தையே பார்த்துப் பழகிய மனிதர் அன்றுதான் முதல்முறையாகப் பத்தடி தூரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் கிழவர் கேட்டார்: "தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தினேங்கய்யா," என்றார் கவுன்சிலர் அடக்கமாக.

கடிகாரக்கா செம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையில் ஊற்றினாள். கையைத் தேய்த்துக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார். அவளை 'நீங்க' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"பகல் பூரா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி குடிக்க மாட்டேன்யா. பழகிக்கிட்டா ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இப்பக் கொஞ்ச நாளாத்தான் தெரியுது."

கவுன்சிலர் கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். "ஆமாங்கய்யா" என்று சொல்லிச் சமாளிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

அவர் மைதானத்துக்குத் திரும்பியபோது அமைச்சரின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நீண்ட பயணத்தில் வந்து இறங்கிய அம்மையார் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்றுதானாம். ஆமாங்கய்யா தனக்குத் தெரிந்த பதிலைப் பளிச்சென்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்: "மூன்றாம் கட்டத்துல வருதுங்கம்மா!" அம்மையார் மறுபடி காரில் ஏறிவிட்டார். அடிக்கல் துணி போர்த்தியபடியே கிடந்தது. நீரூற்று மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் ஆறிப்போன தேநீரை ஆமாங்கய்யா ஒவ்வொரு கோப்பையாகக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஆரம்பித்தாள்.

"வீட்டு முறை கெட்டா இப்படித்தான் நடக்கும். எல்லாம் அவ உள்ள போன நேரம். ஏய் கடிகாரம், விழா முடிஞ்சிருச்சு. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கடிகாரக்கா பையை எடுத்தாள். அவள் கவுன்சிலரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனைவியின் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய ரகசியத்தையும் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"அத்தை," என்றாள் மனைவி. அது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "அத்தை. அவங்களைப் போகச் சொன்னது நான்தான். 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னேன். அப்புறம் பாத்துக்கல. அவங்க என்னைக் காட்டிக் கொடுக்கல. அனுப்பறதா இருந்தா என்னைத்தான் அனுப்பணும்."

அம்மா வாயைத் திறந்தாள். மகன் பக்கம் திரும்பினாள். "என்னடா சொல்றா இவ?"

கவுன்சிலர் தன் கைகளைப் பார்த்தார். அவற்றில் இன்னும் மலிவான சோப்பின் வாசனை இருந்தது.

"இன்னிக்கு நான் மேடையிலேர்ந்து எங்க போனேன் தெரியுமாம்மா? அவங்க சந்துக்குத்தான்."

"உள்ள போனியா?"

"போனேன். வரிசையில முதல்ல விட்டாங்க."

"யாருன்னு தெரியாம விட்டிருப்பாங்க."

"என் படம்தாம்மா அந்தக் கதவுலயே ஒட்டியிருக்கு," என்றார் கவுன்சிலர். "தெரிஞ்சும் விட்டாங்க."

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். எடுத்தவள் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மருமகள் அதை மெதுவாக வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தாள். திறந்த பூட்டை வைக்க இடம் தேடி, கைக்கு எட்டிய மேசைமேல் வைத்தாள். கலை மாளிகை அதன் அடியில் நசுங்கியது. கோழி அமைதியடைந்தது. எறும்புகள் கலைந்து ஓடின.

பிறகு அவள் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்கக்கா."

கடிகாரக்கா பெரியம்மாவைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை நிறுத்தாமல் குடித்தாள்.

மறுநாள் காலையில் குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கவுன்சிலர் தோளில் துண்டும் வாயில் நுரையுமாக நின்றார். மேசைமேல் நசுங்கிய மாளிகைக்குப் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக, அந்த வெள்ளைப் பெட்டி மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்டது. அந்தத் தெருவில் எதுவும் இரவு தங்காமல் பரவிவிடும்.

"ஏங்க, கடைக்குப் போறப்ப நம்ம குளியலறைக்கும் ஒரு பூட்டு வாங்கிட்டு வந்திருங்க. நல்ல பெரிசா."

கவுன்சிலர் அதைக் கேட்டார். ஜன்னலைச் சாத்தப் போனவர், சாத்தாமல் திரும்பி வந்தார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். மகனைப் பார்த்தாள், சமையலறையில் நின்ற மருமகளைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் வாய் பழக்கத்தில் கேட்டது.

"உள்ள யாருடா?"

கவுன்சிலர் நுரையைத் துப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி மேடைக் குரலில் சொன்னார்:

"ஆள் இருக்கும்மா. இருங்க."

அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு மகனுக்குப் பின்னால், வரிசையில் வந்து நின்றாள்.